கினபாலு: வயதில் இளைய கருங்கல் மலையும் அதன் விதிகளும்

மலேசியாவின் சபா மாநிலத்தில், போர்னியோ தீவின் வடக்குப் பகுதியில் நிற்கிறது கினபாலு மலை. உயரம் 4,095 மீட்டர். மலேசியாவின் 100 ரிங்கிட் தாளில் இருப்பதும் இந்த மலைதான். மலையேற்றப் பயிற்சி இல்லாதவர்களும் ஏறக்கூடிய உயர்ந்த மலை என்று இதற்குப் பெயர் உண்டு. கயிற்றில் தொங்க வேண்டாம், ஐஸ் கோடாலி வேண்டாம், நடந்தே உச்சிக்குப் போய்விடலாம்.

ஆனால் போகலாம் என்று விசாரிக்கத் தொடங்கினால் விதிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. முன்பதிவு இல்லாமல் ஏற முடியாது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் நுழைவாயிலைத் தாண்ட முடியாது. உச்சிக்கு நடுராத்திரியில் கிளம்ப வேண்டும். மழை வலுத்தால் பாதியிலேயே திருப்பிவிடுவார்கள். நடந்து ஏறுகிற மலைக்கு இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள்.

பதில் அந்த மலையின் கல்லில் இருக்கிறது. கினபாலு ஒரு கருங்கல் மலை. அதிலும் மிக இளைய கருங்கல். அந்தக் கல் எப்படி வந்தது என்று தெரிந்தால், அதன் உச்சி ஏன் மொட்டையாக இருக்கிறது, அங்கே ஏன் இவ்வளவு விசித்திரமான செடிகள், 2015-ல் ஏன் அத்தனை பேர் இறந்தார்கள், இன்றைய விதிகள் எதற்காக என்பதெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து புரியும்.

எரிமலை இல்லை

தனியாக உயர்ந்து நிற்பதால் இதை அணைந்துபோன எரிமலை என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. படிப்படியாகப் பார்ப்போம்.

1. பூமிக்கு அடியில் உருகிய பாறைக்குழம்பு இரண்டு விதமாக ஆறும். வெளியே கொட்டி வேகமாக ஆறினால் எரிமலைப் பாறை. வெளியே வராமல் ஆழத்திலேயே மெதுவாக ஆறினால் கருங்கல். மெதுவாக ஆறுவதால் கனிமங்கள் பெரிய பெரிய படிகங்களாக வளர நேரம் கிடைக்கிறது. கினபாலுவின் பாறையைக் குனிந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: வெளிர் சாம்பல் நிறத் தளத்தில் கருப்பாகச் சின்னச் சின்னக் கோடுகள். அந்தக் கருப்பு, ஹார்ன்பிளெண்ட் என்னும் கனிமம். வெளிர் பகுதி குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும்.

2. இந்தக் குழம்பு ஆறிக் கல்லானது சுமார் 79 லட்சம் முதல் 72 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. கேட்கப் பெரிய எண்தான். ஆனால் கருங்கல் கணக்கில் இது குழந்தைப் பருவம். மலேசியத் தீபகற்பத்தின் முதுகெலும்பாக ஓடும் தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல்லுக்கு ஏறக்குறைய 20 கோடி ஆண்டு வயது.

3. ஆறியபோது இதற்கு மேலே மணற்கல்லும் களிக்கல்லும் அடுக்கடுக்காக இருந்தன. பிறகு நிலம் மேலே எழும்பியது. வெப்பமண்டல மழை மேலிருந்த மென்மையான பாறைகளை அரித்துக்கொண்டு போனது. கடினமான கருங்கல் அரிபடாமல் நின்றது. சுற்றிலும் உள்ள குரோக்கர் மலைத்தொடரின் பெரும்பாலான முகடுகள் 2,000 மீட்டருக்கும் கீழேயே இருக்க, கினபாலு மட்டும் இரண்டு மடங்கு உயரத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

4. பல கிலோமீட்டர் பாறையின் கனம் மேலே அழுத்திக்கொண்டிருந்தது. அது நீங்கியதும் கருங்கல் சற்றே விரிகிறது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாகப் பிளவுகள் விழுகின்றன. வெங்காயத் தோல் உரிவதுபோல் பாறை பலகை பலகையாகப் பிரிகிறது. உச்சிச் சரிவில் நடக்கும்போது காலடியில் வளைந்து கிடக்கும் பெரிய பாறைத் தகடுகள் இப்படி வந்தவை.

இந்த நான்காவது விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மலை ஒரே கல்லாகத் தெரிந்தாலும், அதன் தோல் அடிக்கல்லோடு முழுமையாக ஒட்டியில்லை.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஐஸ்

கினபாலு இருப்பது பூமத்திய ரேகைக்கு 6 டிகிரி வடக்கே. இன்று அங்கே நிரந்தரப் பனி கிடையாது. ஆனால் கடைசிப் பனியுகத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, உச்சிப் பரப்பைப் பனிப்பாறை மூடியிருந்தது. அந்த ஐஸ் தன் கனத்தோடு மெதுவாக நகர்ந்து அடியிலிருந்த கருங்கல்லைத் தேய்த்தது. உச்சித் தளம் அவ்வளவு வழவழப்பாக, சாய்வாக இருப்பது அதனால்தான். ஐஸுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பாறைகள் தேய்படவில்லை. கூர்கூராக நிற்கும் சிகரங்கள் அவை. ஏறுபவர்கள் உச்சியாகத் தொடுவது லோஸ் பீக். 1851-ல் இந்த மலையில் ஏறிய பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ பெயரில் அது அழைக்கப்படுகிறது. ஆனால் அந்தச் சிகரத்தை அவர் தொடவில்லை. 1888-ல் விலங்கியல் சேகரிப்பாளர் ஜான் ஒயிட்ஹெட் தொட்டார். உடன்போன உள்ளூர் மக்களின் பெயர்களை வரைபடம் சொல்வதில்லை. மலையடிவாரத்து டூசுன் மக்களுக்கோ இது இறந்தவர்களின் ஆவிகள் தங்கும் இடம், வணங்கிவிட்டு ஏற வேண்டிய இடம்.

வடக்குப் பக்கம் மலை திடீரென்று பிளந்து கீழே இறங்குகிறது. லோஸ் கல்லி என்னும் அந்தப் பள்ளத்தாக்கின் ஆழம் ஏறக்குறைய 1,800 மீட்டர். 1994-ல் ஒரு பிரிட்டிஷ் ராணுவக் குழு இதற்குள் இறங்கியது. அவர்களில் ஐந்து பேர் முன்னேயும் போக முடியாமல் மேலேயும் ஏற முடியாமல் வாரக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். பிறகே ஹெலிகாப்டர் அவர்களை மீட்டது. கருங்கல் தண்ணீரை உறிஞ்சாது. மேலே பெய்யும் மழை முழுவதும் சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் வெள்ளமாகிவிடும். அவர்களை அசையவிடாமல் வைத்ததில் அந்தத் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு.

2015 ஜூன் 5

அன்று காலை 7.15 மணிக்கு மலையடிவாரத்து ரானாவ் பகுதியில் 6.0 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. உலக அளவில் இது நடுத்தரமான நிலநடுக்கம்தான். ஆனால் மலையில் 18 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வியா ஃபெராட்டா பாதையில் இருந்தவர்கள். அது பாறையில் இரும்புப் பிடிகளும் கம்பியும் பதித்த வழி. இறந்தவர்களில் ஒரு சிங்கப்பூர் தொடக்கப்பள்ளியின் மாணவர்கள் இருந்தார்கள். அவர்களோடு உள்ளூர் வழிகாட்டிகளும் இருந்தார்கள்.

நடந்தது என்ன? சபாவின் இந்தப் பகுதியில் நிலம் இழுபட்டு விலகும் பிளவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அசைந்தது. ஏற்கெனவே பிளவுபட்டுத் தகடு தகடாக நின்ற கருங்கல் அந்த அதிர்வில் கழன்று சரிந்தது. கழுதைக்காது என்று பொருள்படும் டாங்கீஸ் இயர்ஸ் சிகரத்தின் ஒரு காது உடைந்து விழுந்தது. உச்சிப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மேகமூட்டத்தில் ஹெலிகாப்டர் இறங்க முடியாத நிலையில், பலரைக் கீழே கொண்டுவந்து சேர்த்தவர்கள் வழிகாட்டிகளே. இந்த விஷயத்தைச் சேர்த்துச் சொல்லாமல் வழிகாட்டி விதியைப் பற்றிப் பேசுவது சரியாகாது.

சரிவு அன்றோடு நிற்கவில்லை. உடைந்த கற்கள் பள்ளத்தாக்குகளில் குவிந்து கிடந்தன. அடுத்த வாரங்களில் மழை பெய்தபோது அவை சேறும் பாறையுமாக ஆறுகளில் இறங்கின. அடிவார ஊர்களின் குடிநீர் கெட்டது. மெசிலாவ் வழியாக உச்சிக்குப் போன இரண்டாவது பாதை மூடப்பட்டது. திம்போஹோன் வாயிலில் தொடங்கும் முக்கியப் பாதையில் உச்சி மீண்டும் திறந்தது அந்த ஆண்டு டிசம்பரில். ஏறுபவர்கள் இரவு தங்கும் இடமான பானலாபானுக்கு மேலே பழைய வழி சேதமானதால் ரானாவ் பாதை என்று புதிதாக ஒன்று போடப்பட்டது. இன்று உச்சிக்குப் போவது அந்த வழியில்தான்.

உயிர்கள்: நல்ல மண் இல்லாததால் வந்த செழிப்பு

கினபாலு பூங்கா 1964-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 754 சதுர கிலோமீட்டர். இந்தச் சின்ன இடத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இருக்கின்றன. 2000-ல் இது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. இவ்வளவு வகை எப்படி வந்தது?

முதல் காரணம் உயரம். அடிவாரத்தில் வெப்பமண்டல மழைக்காடு. அதற்கு மேல் ஓக் மரங்கள். அதற்கும் மேல் பாசி மூடிய மேகக்காடு. ஏறக்குறைய 3,000 மீட்டரைத் தாண்டினால் இடுப்புயர ரோடோடென்ட்ரான் புதர்கள். சுமார் 3,700 மீட்டரில் மரமே இல்லை; பாறை இடுக்குகளில் புல்லும் லோஸ் பட்டர்கப் என்னும் மஞ்சள் பூவும் மட்டும். ஒரே நடையில் இத்தனையும் பார்த்துவிடலாம்.

இரண்டாவது காரணம் அதிகம் பேசப்படாதது, எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது. கருங்கல்லைச் சுற்றி, பூமியின் ஆழத்திலிருந்து வந்த வேறொரு பாறை வளையமாக இருக்கிறது. அதில் நிக்கலும் மக்னீசியமும் அதிகம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. பெரும்பாலான செடிகளுக்கு அந்த மண் விஷத்துக்குச் சமம். திம்போஹோன் பாதையில் 2,700 மீட்டர் உயரத்தில் லாயாங் லாயாங் என்ற இடம் வரும். அங்கே காலடி மண் சட்டென்று ஆரஞ்சு நிறமாக மாறும். மரங்கள் குட்டையாகி முறுக்கிக்கொள்ளும். பலரும் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு கடந்துபோய்விடுகிறார்கள். சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் அது.

இந்த மண்ணில் தழைச்சத்து போதாது. அதனால் சில செடிகள் வேறு வழி கண்டன. பாதையோரத்தில் தெரியும் நெபெந்திஸ் வில்லோசா என்னும் குடுவைச்செடி பூச்சிகளை விழவைத்துக் கரைத்துச் சாப்பிடுகிறது. அதன் உறவான நெபெந்திஸ் ராஜா இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அதன் குடுவை லிட்டர் கணக்கில் தண்ணீர் பிடிக்கும் அளவு பெரியது. மூடியின் அடிப்பக்கத்தில் இனிப்பான திரவம் சுரக்கிறது. அதை நக்க மர மூஞ்சூறு என்னும் அணில் அளவு விலங்கு வருகிறது. மூடி வளைந்திருக்கும் கோணத்தில் அதன் நாக்கு திரவத்தைத் தொட வேண்டுமானால், பின்பக்கம் சரியாகக் குடுவையின் வாய்க்கு மேலே இருந்தாக வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே எச்சம் போடுகிறது. அதுதான் செடிக்கு உரம். பகலில் மர மூஞ்சூறு, இரவில் உச்சிப்பகுதியில் வாழும் ஒரு மலை எலி என்று இரண்டுமே வந்துபோவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். செடி விலங்கைக் கொல்லவில்லை. அதற்கு உணவு கொடுத்துத் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்கிறது. இந்த ராஜா குடுவைச்செடி உச்சிப் பாதையில் கண்ணில் படாது. அது வளரும் இடங்கள் வேறு.

மழை பெய்த பிறகு பாதையில் ஒரு அடிக்கும் நீளமான செந்நிற அட்டை ஊர்ந்து போகலாம். பயப்பட வேண்டாம், அது ரத்தம் குடிப்பதில்லை. கினபாலுவின் ராட்சத மண்புழுவை உறிஞ்சி விழுங்குவதுதான் அதன் வேலை. தங்குமிடங்களில் அணில்கள் பக்கத்தில் வந்து நிற்கும். அவற்றுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது.

கவலைக்குரிய செய்தி ஒன்று உண்டு. 1965-ல் ஆய்வாளர்கள் இந்த மலையின் வெவ்வேறு உயரங்களில் அந்துப்பூச்சிகளைக் கணக்கெடுத்தார்கள். 2007-ல் அதே இடங்களில் மறுபடியும் கணக்கெடுப்பு நடந்தது. 42 ஆண்டுகளில் பூச்சி இனங்கள் சராசரியாக 67 மீட்டர் மேலே நகர்ந்திருந்தன. காற்று சூடாகும்போது குளிர் தேடி உயிர்கள் மேலே போகின்றன. ஆனால் இந்த மலையில் மேலே போகப் போக என்ன இருக்கிறது? பனிப்பாறை மழித்துவிட்ட வெறும் கருங்கல். அங்கே மண் இல்லை, மண் உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். மரங்கள் வளரும் மேல் எல்லையான மரக்கோட்டுக்குப் பக்கத்தில் வாழும் இனங்களுக்கு ஏறிப்போக இடம் மிச்சமில்லை.

விதிகளும் அவற்றின் காரணங்களும்

பாதை திம்போஹோன் வாயிலில், 1,866 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. உச்சி வரை சுமார் 8.7 கிலோமீட்டர். முதல் நாள் 6 கிலோமீட்டர் ஏறி, 3,272 மீட்டரில் இருக்கும் பானலாபானில் தங்க வேண்டும். மறுநாள் அதிகாலை உச்சி. அன்றே அடிவாரம் வரை இறக்கம்.

1. எண்ணிக்கைக் கட்டுப்பாடு. பானலாபானில் எத்தனை படுக்கைகளோ அத்தனை பேருக்குத்தான் அனுமதி. மொட்டைப் பாறையில் கூடாரம் அடிக்கவும் முடியாது, கழிவு மண்ணில் மக்கவும் செய்யாது. அதனால் இந்த எண்ணிக்கையைக் கூட்டச் சொல்வது எளிது, கூட்டினால் மலை தாங்காது.

2. வழிகாட்டி. ஐந்து பேருக்கு ஒருவர் என்பது வழக்கம். காடு இருக்கும் வரை பாதை தெளிவாகத் தெரியும், வழி தவறுவது கடினம். மரக்கோட்டைத் தாண்டியதும் பாதை என்று ஒன்றே கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல் நிறப் பாறை. அதன் மேல் உச்சி வரை ஒரு தடித்த வெள்ளைக் கயிறு போட்டிருக்கிறார்கள். மேகம் இறங்கினால் அந்தக் கயிறும் வழிகாட்டியும் மட்டுமே துணை.

3. நடுராத்திரிப் புறப்பாடு. சூரிய உதயம் பார்ப்பதற்காக என்று நினைக்கிறார்கள். அது பாதிக் காரணம்தான். கடல் காற்று மலையில் மோதி மேலேறி, முற்பகலிலேயே மேகமாகத் திரளத் தொடங்கும். பிற்பகலில் மழை சகஜம். ஈரமான கருங்கல் சரிவில் கால் நிற்காது. மேகம் வருவதற்குள் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும். சுமார் 3,670 மீட்டரில் உள்ள சாயாட் சாயாட் சோதனைச் சாவடியைக் குறித்த நேரத்துக்குள் கடக்காதவர்களைத் திருப்பி அனுப்புவதும் இதற்காகத்தான்.

4. மழையில் நிறுத்தம். மேலே பெய்தது உறிஞ்சப்படாமல் சரிவு முழுக்க வழியும் என்று பார்த்தோம். மழை நின்ற பிறகும் சிறிது நேரம் பாறை மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். 'மழை விட்டுவிட்டதே, ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்' என்று வாதாடுவதில் பொருள் இல்லை.

உடம்புக்கு எது கஷ்டம்

கடற்கரை நகரமான கோத்தா கினபாலுவில் காலை உணவு சாப்பிட்டவர் அடுத்த நாள் விடியலில் 4,095 மீட்டரில் நிற்க முடியும். அதுதான் சிக்கல். உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 விழுக்காடுதான். உடம்புக்குப் பழக நேரமில்லை. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை பானலாபானிலேயே தொடங்கலாம். முந்தின இரவைப் பூங்கா தலைமையகத்தில், அதாவது 1,500 மீட்டருக்கு மேல் கழிப்பது ஓரளவு உதவும். தலைவலி கூடிக்கொண்டே போனால் மருந்தைப் போட்டுக்கொண்டு மேலே ஏறக் கூடாது, இறங்க வேண்டும்.

குளிரைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கீழே 30 டிகிரி இருந்தாலும் உச்சியில் விடியலுக்கு முன் 5 டிகிரிக்கும் கீழே போகும். காற்று வீசினால் இன்னும் மோசம். கையுறை குளிருக்கு மட்டும் இல்லை, கயிற்றைப் பிடிக்கவும் வேண்டும். தலையில் மாட்டும் விளக்கு கட்டாயம். கைகள் இரண்டும் கயிற்றில் இருக்கும்போது டார்ச்சை எதில் பிடிப்பது?

பலர் எதிர்பார்க்காத கஷ்டம் இறக்கம். ஒரே நாளில் 2,200 மீட்டருக்கு மேல் கீழே வர வேண்டும், பெரும்பாலும் உயரம் உயரமான படிகள். முழங்கால் அங்கேதான் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு, தொடக்கத்தில் திம்போஹோனிலிருந்து கார்சன் அருவி வரை பாதை கொஞ்சம் கீழே இறங்கித்தான் ஏறத் தொடங்குகிறது. திரும்பும்போது, கால் சோர்ந்த கடைசி நிமிடங்களில் அது ஏற்றமாகிவிடும். ஊன்றுகோல் இரண்டு எடுத்துப்போவது வீண் சுமை இல்லை. பயிற்சிக்கு மாடிப்படி ஏறுகிறவர்கள், அதே அளவு இறங்கியும் பழக வேண்டும்.

உச்சிக்குப் போகாமலும் பார்க்கலாம்

உச்சி அனுமதி கிடைக்காவிட்டால் பயணத்தையே விட்டுவிடுபவர்கள் நிறைய. அது தேவையில்லை. பூங்கா தலைமையகத்தைச் சுற்றி மேகக்காட்டுக்குள் குறுகிய நடைபாதைகள் பல இருக்கின்றன. பறவை பார்க்கிறவர்களுக்கு உச்சியைவிட அவைதான் நல்ல இடம். ஒயிட்ஹெட் பெயரைத் தாங்கிய, சிவப்புத் தலையும் சிவப்பு வயிறும் உள்ள ட்ரோகன் பறவையைத் தேடி உலகமெங்கும் இருந்து வருகிறார்கள். அது உயர்ந்த சிகரத்தில் இல்லை, இந்த நடுத்தர உயரத்துக் காட்டில்தான் இருக்கிறது. அதிகாலையில் போக வேண்டும், பேசாமல் நடக்க வேண்டும்.

ரானாவைத் தாண்டி இன்னும் கீழே போனால் போரிங் வெந்நீர் ஊற்றுகள். மர உச்சிகளுக்கு இடையே கட்டிய தொங்கு நடைபாதையும் அங்கே உண்டு. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுத் தோட்டங்களிலும் காட்டோரங்களிலும் ரஃப்ளீசியா பூக்கிறது. இலையோ தண்டோ இல்லாமல் கொடியின் மேல் ஒட்டுண்ணியாக வாழும் இந்தப் பூ, மொட்டு விரிந்த பிறகு ஒரு வாரம்கூடத் தாங்காது. பூத்திருந்தால் நிலத்தின் சொந்தக்காரர் சாலையோரத்தில் பலகை வைப்பார், பார்க்கக் கட்டணம் வாங்குவார். அந்தக் கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம். முன்பு வெட்டி எறியப்பட்டிருக்கக்கூடிய மொட்டுகளைச் சுற்றி இன்று வேலி இருப்பதற்குக் காரணம் அந்தப் பணம்தான். பூ விரிந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டுவிட்டு உள்ளே போனால் நல்லது. நான்கைந்து நாள் தாண்டியிருந்தால் கருத்துப்போன பூவைத்தான் பார்க்க நேரும்.